முழங்காலுக்குக் கீழே

பிற்பகல் 2.50

ஸ்கேன் அறைக் கதவைத் திறந்ததும் வெக்கை முகத்தில் அடித்தது. ரத்த ஓட்டத்தை அளக்கிற டாப்ளர் ஸ்கேன் எடுப்பதால் எல்லோரும் டாப்ளர் அக்கா என்று கூப்பிடுகிறவருக்கு அது பழகிய வெக்கைதான். கால் நரம்பு பார்க்கிற அறை சூடாக இருந்தாக வேண்டும். குளிர்ந்தால் ரத்தக் குழாய் சுருங்கிக்கொள்ளும், அளவு பொய் சொல்லும். ஆனால் இன்று ஹீட்டரைக் கடைசிவரை திருகி வைத்திருந்தார்கள்.

அந்தக் கிளினிக்கை ஆரம்பித்த பெரிய டாக்டர் ஸ்கேன் இயந்திரத்துக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலை மார்பில் தொங்கியது. கால்சட்டை தொடைவரை சுருட்டப்பட்டிருந்தது. வெறுங்கால்கள் இரண்டும் தரையில் ஊன்றியிருந்தன. தொடையின் உட்பக்கம் ஸ்கேனுக்குப் பூசுகிற ஜெல் பளபளத்தது. நரம்பு வீங்காமல் காலை இறுக்கிப் பிடிக்கப் போடுகிற ஸ்டாக்கிங்ஸ் இரண்டும் கழற்றித் துண்டுக் கம்பியில் தொங்கின.

மூன்று மணி நோயாளிக்காக அறையைத் தயார் செய்ய வந்த அக்கா இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு மணிக்கட்டைத் தொட்டார். ரத்தம் ஓடுகிறதா என்று பார்ப்பதையே பதினாறு வருடமாகத் தொழிலாக வைத்திருப்பவருக்கு அதற்குமேல் இயந்திரம் தேவைப்படவில்லை. வெளியே வந்து வரவேற்பறையில் இருந்தவரிடம் போலீஸைக் கூப்பிடச் சொன்னார்.

பிற்பகல் 3.20

இன்ஸ்பெக்டர் அம்மாள் அதிகம் பேசுகிறவர் அல்ல. இருபத்திரண்டு வருடச் சேவையில் பாதியை நாற்சந்திகளிலும் ஊர்வலங்களிலும் நின்றே கழித்தவர். அதன் பலனாக அவருடைய இடது காலிலும் நரம்பு சுருண்டு கிடந்தது. காக்கிக் கால்சட்டைக்கு உள்ளே அவரும் ஒரு ஸ்டாக்கிங்ஸ் போட்டிருந்தார். அது அவருக்கும் அவருடைய தங்கைக்கும் மட்டுமே தெரிந்த விஷயம்.

முதலில் பிணத்தின் முகத்தைப் பார்த்தார். பிறகு இடது மேற்கையில் இருந்த ஊசிக் குத்தைப் பார்த்தார். பிறகு தரையில் குந்தி உட்கார்ந்து கால்களை வெகுநேரம் பார்த்தார். கால் விரல்கள் கருநீலமாகக் கன்றியிருந்தன. பாதத்தின் நடுவிலிருந்து மேலே தோல் மெழுகு மாதிரி வெளுத்திருந்தது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே அந்த வெளுப்பு திடீரென்று நின்று, அதற்கு மேலே மறுபடியும் கருஞ்சிவப்பு தொடங்கியது. எல்லை ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்ததுபோல் நேராக இருந்தது.

"மாமாவுக்கு ரத்த ஓட்டம் ரொம்ப மோசம் மேடம். விரல் எப்பவுமே அப்படிக் கறுத்துதான் இருக்கும்" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. பெரிய டாக்டரின் மருமகன். கிளினிக்கில் அவருக்குச் சின்ன டாக்டர் என்று பெயர். மாமனார் கத்தியைக் கீழே வைத்த ஐந்து வருடமாக ஆபரேஷன்களை எல்லாம் அவர்தான் செய்துவந்தார்.

இன்ஸ்பெக்டர் தலையாட்டிவிட்டு, கால்களை நாலு பக்கமும் போட்டோ எடுக்கச் சொன்னார். ஏட்டு 3.26க்கு எடுத்து முடித்தார்.

அதற்குள் இன்னொரு ஏட்டு தேடிக் கொண்டுவந்த பொருள் விவகாரத்தை முடித்துவிட்டது போலிருந்தது. ஒரு காலி மயக்க மருந்துக் குப்பி, ஒரு ஊசி. கிடைத்த இடம் டாப்ளர் அக்காவின் மேசை இழுப்பறை. மேலதிகாரி போனில் சொன்னார், ஆறு மணிக்குள் கைது நடக்க வேண்டும் என்று. செய்திக்காரர்கள் வாசலில் குவிய ஆரம்பித்திருந்தார்கள்.

பிற்பகல் 3.45

கேட்ட கேள்விக்கெல்லாம் சின்ன டாக்டர் நின்று நிதானமாகப் பதில் சொன்னார். அன்று காலை பதினொரு மணிக்கு மாமா பழைய ரிப்போர்ட்களைப் பார்க்க ஸ்கேன் அறைக்குள் போனார். தொந்தரவு செய்ய வேண்டாம் என்று மாமாவே வரவேற்பறையில் சொல்லி வைத்தார். ஒன்றிலிருந்து இரண்டு வரை கிளினிக் சாப்பாட்டுக்காக மூடியிருந்தது. இரண்டு மணிக்குச் சின்ன டாக்டர் உள்ளே போய் மாமாவின் கால்களை அளந்தார்.

"கடைசியா எப்போ உயிரோட பார்த்தீங்க?"

"ரெண்டு இருபத்தொண்ணுக்கு. அளந்து முடிச்சது அப்பதான். நான் சொல்ல வேண்டாம், மெஷினே சொல்லும் பாருங்க."

இயந்திரம் சொன்னது. பெரிய டாக்டரின் பெயரில் இரண்டு கால்களுக்கும் பதிவு, தொடக்கம் 2.06, முடிவு 2.21. அந்த நேரத்தை யாராலும் மாற்ற முடியாது, கம்பெனி பூட்டி வைத்தது என்றார்.

"இது எப்படி அளக்கறது? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

சொன்னார். நோயாளியை நிற்க வைக்க வேண்டும், பாரம் மறு காலில். தொடையில் ஜெல் தடவி ஸ்கேன் முனையை வைத்து, கெண்டைச் சதையை ஒரு கையால் பிழிய வேண்டும். ரத்தம் மேலே ஏறும், திரையில் கோடு ஒரு பக்கம் எழும்பும். கையை எடுத்ததும் நல்ல கால் என்றால் உள்ளே இருக்கிற வால்வு அரை செகண்டில் மூடிக்கொள்ளும். கெட்ட கால் என்றால் ரத்தம் திரும்பக் கீழே விழும், கோடு மறு பக்கம் பாயும்.

"உங்க மாமாவுக்கு எவ்வளவு நேரம் விழுது?"

"மூணு செகண்டுக்கு மேல. குடத்தைக் கவிழ்த்த மாதிரிதான்."

அளந்து முடித்த கையோடு 2.22க்கே அவர் ஆபரேஷன் அறைக்குப் போய்விட்டார். சிஸ்டரும் நோயாளியும் சாட்சி. 2.50 வரை அங்கிருந்து அசையவில்லை. அதைச் சிஸ்டரும் அப்படியே சொன்னார். ஆக 2.21க்கு உயிரோடு இருந்தவர் 2.50க்குப் பிணம். நடுவில் கை சும்மா இருந்த ஒரே ஆள், 2.25க்கு வெளியிலிருந்து திரும்பி வந்த டாப்ளர் அக்கா.

காரணமும் தயாராக இருந்தது. அக்கா ரிப்போர்ட்டில் தப்புச் செய்தார், மாமா அவரை வேலையைவிட்டு எடுக்க இருந்தார் என்றார் சின்ன டாக்டர். சொல்லும்போது குரலில் வருத்தம்கூட இருந்தது. வலிய வந்து கதையை இவ்வளவு ஒழுங்காக மடித்துக் கொடுத்தால் எந்தப் போலீஸுக்கும் கொஞ்சம் உறுத்தும். இன்ஸ்பெக்டருக்கும் உறுத்தியது.

பிற்பகல் 4.10

போலீஸ் டாக்டர் வந்தார். அறையின் சூட்டைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார். இந்தச் சூட்டில் உடம்பு ஆறியதை வைத்து நேரம் சொல்வது சோதிடம் சொல்வதுதான், பதினொன்றிலிருந்து இரண்டரை வரை எதுவாகவும் இருக்கலாம் என்றார். கால்களை அவரும் பார்த்தார். ஆனால் அதற்குள் அந்த நேர்க்கோடு கலங்க ஆரம்பித்திருந்தது. வெளுப்புக்குள் செம்மை திட்டுத் திட்டாக இறங்கியிருந்தது. இன்ஸ்பெக்டர் ஏட்டின் போட்டோவை அவரிடம் காட்டி, காதோடு ஏதோ கேட்டார். போலீஸ் டாக்டர் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார், அவருடைய புருவம் உயர்ந்தது.

பிற்பகல் 4.30

டாப்ளர் அக்கா தன் நாளை மணி மணியாகச் சொன்னார். காலை 10.45க்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மகளுடைய பள்ளிக்கூடத்துக்குப் போனார். வகுப்பு ஆசிரியையைப் பார்க்கப் பெற்றோர் வரிசை, கையெழுத்துப் பதிவு, பிறகு மகளோடு சாப்பாடு. பதினொன்றேகாலிலிருந்து ஒன்றே முக்கால் வரை அவரைப் பார்த்தவர்கள் முப்பது பேராவது இருப்பார்கள். ஆனால் அந்த முப்பது பேராலும் ஒரு பயனும் இல்லை. கொலை நடந்ததாகச் சொல்லப்படுவது 2.21க்குப் பிறகு.

வேலை போகப் போகிறதாமே என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"போகணும்னா சின்ன டாக்டர் வேலைதான் மேடம் போயிருக்கும்" என்றார் அக்கா. பிறகு தயங்கித் தயங்கி எல்லாவற்றையும் சொன்னார். ஆறு மாதமாகச் சில ரிப்போர்ட்களைப் பார்க்கும்போது முன்பே பார்த்த மாதிரி இருந்தது. எடுத்து வரிசையாக அடுக்கினார். நாற்பத்தொரு நோயாளிகளின் ரிப்போர்ட்டில் ஒரே காலின் கோடு. இயந்திரத்தில் இருந்ததை விட்டுவிட்டு, அச்சடித்துக் கொடுத்த ரிப்போர்ட்டில் மட்டும் கோட்டை மாற்றியிருந்தார்கள். அவர் அளந்தபோது நன்றாக இருந்த கால்கள் அவை. அத்தனை பேருக்கும் நரம்பு கெட்டுவிட்டதென்று சொல்லி லேசர் வைத்துச் சுட்டு அடைத்திருந்தார் சின்ன டாக்டர். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் சொல்வது? போன வாரம் துணிந்து பெரிய டாக்டரிடம் சொன்னார். இன்று காலை அவர் அதைச் சரிபார்க்கத்தான் உள்ளே உட்கார்ந்தார். உண்மையென்றால் மாலையே மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதுவதாகச் சொல்லியிருந்தார்.

"பெரிய டாக்டரோட கால் ஸ்கேன் பழசு ஏதாவது இருக்கா? இன்னைக்கு எடுத்ததோட வச்சுப் பார்க்கலாம்."

"இருந்துச்சு மேடம். இப்போ தேடினேன், இல்லை. அழிச்சிருக்காங்க." அக்கா நிமிர்ந்தார். "என் பொண்ணுக்குப் பன்னெண்டு வயசு. எனக்கு வேற யாரும் கிடையாது. இன்னைக்கு ராத்திரி அவ எங்க தூங்குவான்னு மட்டும் சொல்லிடுங்க, அப்புறம் எங்க வேணா கூட்டிட்டுப் போங்க."

இன்ஸ்பெக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஐந்தாக எட்டு நிமிடம் இருந்தது.

மாலை 5.05

பெரிய டாக்டரின் ஒரே மகள் அழுது ஓய்ந்த முகத்தோடு மாடி அறையில் உட்கார்ந்திருந்தார். கிளினிக்குக்கு மேல்தான் அவர்கள் வீடு. இன்ஸ்பெக்டர் அவரிடம் கொலையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அப்பாவின் காலை நேரத்தைப் பற்றி மட்டும் கேட்டார்.

"காலைல ஆறு மணிக்கு, கட்டிலை விட்டு இறங்கறதுக்கு முன்னாடியே நான்தான் ஸ்டாக்கிங்ஸ் மாட்டிவிடுவேன்" என்றார் மகள். "அவரால குனிஞ்சு இழுக்க முடியாது. ரொம்ப இறுக்கம். கழட்டறதும் நான்தான், ராத்திரி படுக்கும்போது. அப்பாவுக்கு அது இன்னொரு தோல் மாதிரி."

"விரல் மூடின ஸ்டாக்கிங்ஸா?"

"இல்லை, விரல் வெளில தெரியற மாதிரி. மூடினா வேர்க்குதுன்னு சொல்லுவாரு."

"விரல் கறுத்துதான் இருக்குமா?"

மகள் விழித்தார். "இல்லையே. யாரு சொன்னா? நான்தானே தினமும் நகம் பார்க்கறேன். நல்லா சிவப்பா இருக்கும்."

அப்பா ஏதாவது ஊசி போட்டுக்கொள்வாரா என்றும் இன்ஸ்பெக்டர் கேட்டார். வாராவாரம் ஒரு சத்து ஊசி உண்டு, இந்த வாரத்து ஊசி இன்றைக்குத்தான். போடுவது எப்போதும் தன் கணவர் என்றார் மகள். சொல்லி முடித்த பிறகுதான் அவருடைய கண்ணில் ஒரு பயம் வந்து நின்றது.

மாலை 5.35

இன்ஸ்பெக்டர் எல்லோரையும் ஸ்கேன் அறைக்கு வரச் சொன்னார். பிணத்தை எடுத்துப் போய்விட்டார்கள். ஹீட்டர் அணைந்திருந்தும் அறை இன்னும் புழுங்கியது. மகள் சுவரோரம் நின்றார். அக்காவுக்குப் பக்கத்தில் ஒரு பெண் காவலர். சின்ன டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் 3.26 போட்டோவைத் திரையில் போட்டார்.

செத்த உடம்பில் ரத்தம் ஓடாது, ஆனால் கீழே இறங்கும் என்று ஆரம்பித்தார். உட்கார்ந்து செத்தவருக்குக் கால்களில் போய்த் தேங்கும். ஓரிரு மணி நேரத்தில் கருஞ்சிவப்பாகத் தெரியும். எங்கே இறுக்கிப் பிடித்திருக்கிறதோ அங்கே மட்டும் புக முடியாது, அந்த இடம் வெளுத்து நிற்கும். பெரிய டாக்டருக்கு விரல் கறுத்திருந்தது, முழங்காலைச் சுற்றிக் கறுத்திருந்தது, நடுவில் வெளுத்திருந்தது. ஸ்டாக்கிங்ஸ் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்துக்கு.

"அதாவது அவர் செத்தப்போ ஸ்டாக்கிங்ஸ் கால்லதான் இருந்துது. செத்து ரெண்டு, மூணு மணி நேரம் வரைக்கும் இருந்துது. அதுக்கப்புறம் ஒருத்தர் கழட்டியிருக்கார்."

சின்ன டாக்டர் சிரித்தார். "மேடம், இது எங்க தொழில். இறுக்கமா போட்டதைக் கழட்டினா கால் கொஞ்ச நேரம் வெளுத்துதான் இருக்கும். அளக்கறதுக்கு நான்தான் ரெண்டு மணிக்குக் கழட்டினேன்."

"கழட்டி, கால் மணி நேரம் நிக்க வச்சு அளந்தீங்க?"

"ஆமா."

"கையை எடுத்தா மூணு செகண்டுக்கு மேல ரத்தம் கீழே கொட்டற கால்னு நீங்களே எழுதியிருக்கீங்க. குடத்தைக் கவிழ்த்த மாதிரின்னு சொன்னீங்க. அந்தக் காலை வச்சுக்கிட்டுக் கால் மணி நேரம் நின்னவருக்கு முழங்காலுக்குக் கீழே எப்படி வெளுப்பு இருக்கும்? என் காலே ஸ்டாக்கிங்ஸைக் கழட்டின ஒரு நிமிஷத்துல நிறம் மாறிடும்."

சின்ன டாக்டரின் சிரிப்பு முகத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றது.

இன்ஸ்பெக்டர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். பதினொன்றரை வாக்கில், சத்து ஊசி என்று நம்பிக் கையை நீட்டிய மனிதருக்கு மயக்க மருந்து ஏறியது. பழைய ஸ்கேன்கள் அழிந்தன. ஹீட்டர் முழுதாக எரிந்தது, உடம்பு ஆறுவது தெரியாமல் இருக்க. அக்கா இரண்டரைக்குள் திரும்புவார் என்பது விடுப்புத் தாளிலேயே எழுதியிருந்தது. இரண்டு மணிக்கு மாமனாரின் பெயரைப் போட்டு யாருடைய கால்களோ அளக்கப்பட்டன. அளந்ததை நம்ப வைக்கப் பிணத்தின் ஸ்டாக்கிங்ஸ் கழற்றப்பட்டது, ஜெல் பூசப்பட்டது. வேறு எந்தக் கொலைகாரனும் அந்த ஸ்டாக்கிங்ஸைத் தொட்டிருக்க மாட்டான். போட்டபடியே விட்டிருந்தால் கால் முழுக்க மறைந்திருக்கும், இந்த வெளுப்பு யார் கண்ணிலும் பட்டிருக்காது. ஆனால் ஸ்டாக்கிங்ஸோடு யாரையும் அளக்க முடியாது என்பது இந்தத் தொழிலில் முதல் நாள் படிக்கிற பாடம். படித்த பாடம்தான் காட்டிக் கொடுத்தது.

"யார் காலோன்னு சொல்றீங்க. யார் கால்? நிரூபிங்க" என்றார் சின்ன டாக்டர். குரல் முதல் முறையாக உயர்ந்தது.

இன்ஸ்பெக்டர் அக்காவைப் பார்த்தார். அக்காவோ திரையில் இருந்த 2.06 பதிவையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பயத்தில் இதுவரை அவர் கோட்டை மட்டும்தான் பார்த்திருந்தார், படத்தைப் பார்க்கவில்லை. இடது தொடையில் நரம்பு இரண்டாகப் பிரிந்து ஒரு சாண் போய் மறுபடி ஒன்றாகச் சேர்ந்தது.

"இந்தக் காலை நான் பார்த்திருக்கேன் மேடம்" என்றார் மெதுவாக.

புது இயந்திரம் வந்தால் அளக்கிறவர்கள் முதலில் ஒருவர் காலை ஒருவர் அளந்துதான் கை பழகுவார்கள். எல்லா ஸ்கேன் அறையிலும் அதுதான் வழக்கம். இந்த இயந்திரம் வந்த வாரம் சிஸ்டர், வரவேற்பறைப் பெண், சின்ன டாக்டர் எல்லோருமே வரிசையில் நின்று கால் காட்டினார்கள். பெயர் போடாமல் எண் மட்டும் போட்டுச் சேமித்த அந்தப் பதிவுகள் ஒரு மூலையில் கிடந்தன. நோயாளி பட்டியலில் வராததால் யாரும் அழிக்கவில்லை. அக்கா மூன்றாவதைத் திறந்தார். அதே இடது தொடை, பிரிந்து சேர்கிற அதே நரம்பு, அதே மூன்று செகண்டு. நாள் முழுக்க நின்று ஆபரேஷன் செய்கிற மனிதருக்கும் கால் கெட்டுத்தான் போயிருந்தது. சிஸ்டர் முன்னால் வந்து, மூன்றாவதாக நின்றது சின்ன டாக்டர்தான், அன்றைக்கு அதைச் சொல்லி எல்லோரும் கேலி செய்தோம் என்றார்.

"மாமனாரைக் கொன்னது நீங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "கால் காட்டுங்கன்னு கோர்ட்டே கேட்கும். அங்க காட்டுங்க."

சின்ன டாக்டர் மனைவியின் பக்கம் திரும்பினார். அந்த ஒரு கடிதம் போயிருந்தால் கிளினிக், வீடு, மானம் எல்லாம் போயிருக்கும், உனக்காகவும்தான் என்று ஏதோ சொல்ல வந்தார். மனைவி அதை முடிக்க விடவில்லை.

"காலைல நான் மாட்டிவிட்டதை நீங்களா கழட்டினீங்க?" என்றார். "உயிர் போன காலை மடியில வச்சுக் கழட்டினப்போ உங்க கை ஒரு தடவைகூட நடுங்கலையா?"

மணி 5.58க்குச் சின்ன டாக்டரை வண்டியில் ஏற்றினார்கள். பெண் காவலர் டாப்ளர் அக்காவை விட்டு விலகி நின்றார். இன்ஸ்பெக்டர் அவரிடம் போய், பொண்ணு உங்க பக்கத்துலதான் தூங்குவா, வீட்டுக்குப் போங்க என்றார். அக்கா அப்போதுதான் வாய்விட்டு அழுதார்.

மறுநாள் காலை 9.00

கிளினிக் வாசலில் மூடியிருக்கிறது என்று அட்டை தொங்கியது. உள்ளே பெரிய டாக்டரின் மகளும் டாப்ளர் அக்காவும் ஒரு பட்டியலோடு உட்கார்ந்திருந்தார்கள். நாற்பத்தொரு பெயர்கள். போலீஸ் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கலாம். அப்பா செய்ய நினைத்ததை நாமே செய்வோம் அக்கா, எல்லோரையும் வரச்சொல்லி மறுபடி அளந்து உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று மகள் கேட்டுக்கொண்டார். அடைத்த நரம்பு திரும்பத் திறக்காது என்பது இருவருக்கும் தெரியும். அக்கா சரி என்றார். ஜெயிலுக்குப் போகாமல் தப்பியவர் அவர்தான், அந்தக் கால்களையெல்லாம் முதலில் நல்ல கால்களாகப் பார்த்தவரும் அவர்தான். அவர் பேசாவிட்டால் வேறு யார் பேசுவது?

முதல் பெயர் ஒரு தையற்காரப் பெண்மணி. மூன்றாவது மணியிலேயே போனை எடுத்தார். கிளினிக்கிலிருந்து பேசுகிறோம் என்று அக்கா சொன்னதும் அந்தப் பக்கம் தையல் மெஷின் சத்தம் நின்றது.

"நீங்களே கூப்பிட்டுட்டீங்களா? டாக்டருக்கு என்ன அக்கறை பாருங்க" என்றார் அந்த அம்மாள். "எப்ப வரணும் சொல்லுங்கம்மா. அடுத்த காலுக்கும் லேசர் போட்டுடலாமா?"